அட்டையை நீட்டும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள்

மாவட்டக் குடும்ப நல அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 21-லும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டு, யார் யாருக்கு அது ஆகாது என்பதும் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. மாத்திரை கொடுக்கிற மேசைக்குத்தான் அது வந்து சேரவில்லை.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒற்றைத் தலைவலி. வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். இரண்டாவது அட்டை ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கல்லின் இடது பாதி தெரியவில்லை. ரம்பப் பல் போல ஒரு வெளிச்சக் கோடு கண்ணுக்குள் ஓடியது. விரல் மரத்து கரண்டி கீழே விழுந்தது. அப்புறம் மண்டையைப் பிளக்கும் வலி. அந்த மாதத்தில் மட்டும் நான்கு முறை.

சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னேன். "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். குமட்டலுக்கும், மார்பு கனப்பதற்கும், மாதவிலக்குகளுக்கு நடுவில் திட்டுத்திட்டாக ரத்தம் படுவதற்கும் அது சரியான பதில். பெரும்பாலும் மூன்று மாதத்தில் அடங்கிவிடும். கண்ணில் மின்னலடித்து வருகிற தலைவலிக்கு அது பதிலே இல்லை. அந்த வகைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும் என்பதை, வெளியே ஒரு டாக்டரம்மாவுக்கு 400 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மாத்திரை கெட்டது என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ பேருக்கு ஒத்துக்கொள்கிறது. எனக்கு ஆகாது, அவ்வளவுதான். தலைவலி உண்டா, எப்படி வரும், காலில் ரத்தம் உறைந்ததுண்டா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். பிரஷர் கருவி அந்த மேசை மேலேயே இருந்தது, உறை போட்டபடி.

சாயா என்கிற இன்னொரு கருத்தடை மாத்திரைக்கும் இதே கதைதான். அதில் ஹார்மோன் கிடையாது. ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். இதை யாரும் சொல்லாததால் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நாள் தள்ளியதும் பயந்துபோய், மாமியாருக்குத் தெரியாமல் மூன்று முறை கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கினாள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று என்பதையாவது சரியாகச் சொன்னார்களா என்று கேட்டேன். அட்டையைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார்களாம்.

சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைய பெயின்ட் இருக்கிறது, தமிழில் ஒரு துண்டுத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை போலும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுக்க 15-49 வயது மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். மாத்திரையும் எங்களுக்கு, கத்தியும் எங்களுக்கு. பக்கவிளைவைச் சொல்லும் மரியாதையாவது எங்களுக்குக் கிடைக்கக்கூடாதா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: அட்டையை நீட்டும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள், பிரஷர் பாருங்கள், எந்தத் தொந்தரவு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
இரண்டாம் அட்டையைப் பாதியில் நிறுத்திய ஒருத்தி