வாசல் விளக்கைப் போட்டு வைத்த ஐயாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

ஹாமில்டனில் 30 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துவிட்டு நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். தொடை இரண்டும் கல்லாக இருக்கின்றன. ஆனால் முட்டி வலிக்கவில்லை. இன்று காலை மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமலே இறங்கிக்கொண்டிருப்பதைப் பாதியில்தான் கவனித்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுத கையோடு இதை எழுதுகிறேன்.

நவம்பரில் நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. கூட இருந்து பார்த்தவர்கள் நீங்கள். மூன்றாவது வருடமாக அதே வலது முட்டி, அதே சில்லுக்கு அடியில் அதே வலி, அதுவும் குளிர் தொடங்கும் அதே வாரத்தில். இனி ஓட்டமே வேண்டாம் என்று நான் சொன்னபோது யாரும் வாதாடவில்லை. அதற்கே முதலில் நன்றி.

இந்த மடலில் பெரும்பகுதி, நம் ஓட்டக் குழுவில் இல்லாத ஒருவருக்கு. நம்மில் பலர் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் தெருவிலிருந்து மார்னிங்சைடு பூங்காவுக்குப் போகும் வழியில் ஒரு சரிவு. அங்கே ஒரு வீட்டின் கூரைத் தண்ணீர் நடைபாதையில் வந்து விழும். பகலில் உருகி வடிவது ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். முட்டி வலிக்காரர்களுக்கு அந்த மாதிரி இடத்தில் விழுவது மட்டும் பயமில்லை. விழுந்துவிடுவோமோ என்று உடம்பை இறுக்கி, பாதத்தைக் கோணலாக வைத்து நகர்கிறோமே, அந்தப் பத்தடியே போதும், அடங்கிக் கிடந்த வலி கிளம்பிவிடும். டிசம்பர் நடுவில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மறுபடி ஆரம்பித்த எனக்கு, அந்த இடம் வந்தாலே வயிற்றைக் கலக்கும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி, மைனஸ் 17. அந்தப் பனிக்கட்டி மேல் மண் தூவியிருந்தது. நடைபாதை முழுக்க இல்லை. ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு, நேர்கோடாக. எப்போதும் இருட்டாக இருக்கும் அந்த வீட்டு வாசலில் விளக்கும் எரிந்தது. யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். வியாழக்கிழமையும் மண், விளக்கு. அடுத்த செவ்வாயும் அப்படியே. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தால் புது மண் இல்லை, விளக்கும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. நான் ஓடும் நாட்களில் மட்டும்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினேன். சாரத்துக்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் காலி ஐஸ்கிரீம் வாளியில் மண்ணோடு, ஒரு பெரியவர் மெதுவாகப் படி இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்கினார். அந்த இறக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"பிள்ளை, முழங்கால் இன்னும் நோகுதோ?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த இடத்துக்கு வந்தால் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். யன்னலாலை பாத்தனான்" என்றார். யாழ்ப்பாணத்தில் தபால்காரராக இருந்தவராம். சைக்கிள் மிதித்தே தன் முழங்கால் தேய்ந்தது என்றார். ஏன் உப்புப் போடவில்லை என்றதற்கு, "இந்தக் குளிருக்கு உப்பு வேலை செய்யாது, மண்தான் பிடிக்கும்" என்றார். உண்மைதான். மைனஸ் பத்து, பதினைந்துக்குக் கீழே போய்விட்டால் உப்பு கிடந்தபடியே கிடக்கும்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "குளிருது, ஓடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு கை மண் தூவ, முட்டி தேய்ந்த ஒரு மனிதர் விடிவதற்கு முன் எழுந்து அந்தப் படிகளில் இறங்கி ஏறியிருக்கிறார். அதற்கப்புறம் உடற்பயிற்சியை ஒருநாள்கூட நான் தள்ளிப்போடவில்லை.

அப்புறம் நீங்கள் எல்லோரும். வலிக்கும் இடம்தான் முட்டி, பலம் சேர வேண்டிய இடம் இடுப்பு என்று பொறுமையாக விளக்கி, படியிறங்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வைத்த பிசியோதெரபிஸ்ட். பத்துக்கு மூன்று வரை வலித்தால் ஓடலாம், மறுநாள் காலையிலும் வலி இருந்தால் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்ன கணக்குதான் என் பயத்துக்கு ஒரு எல்லை போட்டது. அடியைச் சின்னதாக வை என்று பின்னாலேயே ஓடிவந்து எண்ணிக்கொண்டிருந்த தோழி. குளிரில் ஷூவின் அடிப்பஞ்சு இறுகிவிடும், கராஜில் வைக்காதே என்று சொன்ன அண்ணா. ஏரிக் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது முதுகில் வாங்கலாம் என்று எனக்காகப் பாதையைத் தலைகீழாக்கிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சனிக்கிழமைகளில் சமையலைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட கணவர். எல்லோருக்கும் நன்றி.

நேற்று ஹாமில்டனில் நான் ஓடிய 'அரவுண்ட் த பே' 1894-இலிருந்து நடக்கும் ஓட்டம், பாஸ்டன் மராத்தானுக்கே மூன்று வருடம் மூத்தது என்று போன வருடம் உங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியில் 30 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் பனிக்காலம் முழுக்க வெளியே ஓடியாக வேண்டும் என்பதன் அர்த்தம் அப்போது தெரியவில்லை. நேற்று ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்றே போனேன். 26-ஆவது கிலோமீட்டரில் முட்டி ஒருமுறை குத்தியது. நடந்தேன். அடங்கியது. மறுபடி ஓடினேன்.

மெடலை இன்று மத்தியானம் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். செப்டம்பரில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. இந்தக் கோடையிலேயே அந்தக் கூரைக் குழாயைப் புல்தரைப் பக்கம் திருப்பி வைக்க நானும் கணவரும் போகிறோம். அடுத்த பனிக்காலம் அவர் வாசற்படியிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பொறுப்பு. மண் எந்தக் கடையில் வாங்குகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். வாளியையும் கொடுத்துவிட்டார்.