மண்டப ஒலியமைப்புத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

பொதுக்குழுவில் தீர்மானித்தபடி கோயில் மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டிகளைச் சீர்செய்யும் பணி அம்பாள் அருளால் நிறைவுற்றது. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. அதில் பெரிய செலவு புது ஆம்பிளிஃபையர். “ட்வீட்டர் கருகுதுன்னு சொல்லிட்டு, இன்னும் பவர் கூடின மிஷினையா வாங்குவீங்க?” என்று உறுப்பினர் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

திருவிழாதோறும் கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர்தான் போகும், கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கு ஒன்றும் ஆகாது. கழற்றிப் பார்த்ததில், மயிரிழைபோன்ற காயில் கம்பி கறுத்து அறுந்திருந்தது. பழைய ஆம்பிளிஃபையருக்குச் சக்தி போதவில்லை. கூட்டம் சேரச் சேர வால்யூமை ஏற்றுவோம். அதன் எல்லை தாண்டியதும் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். முழுக்க வெட்டுப்பட்ட அலையில், அதே உச்சமுள்ள சுத்தமான அலையைவிட 2 மடங்கு பவர் உண்டு. வெட்டிய இடத்தில் புதிதாகப் பிறக்கும் கீச்சொலியெல்லாம் நேரே ட்வீட்டருக்குத்தான் போகும். போதாக்குறைக்கு, பட்டிமன்றத்துக்காக ஏற்றிய டிரெபிளை (கீச்சொலி அளவை) நாதஸ்வரத்துக்கு யாரும் இறக்குவதில்லை. 10 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு 10 மடங்கு பவர் போகிறது.

புது ஆம்பிளிஃபையருக்குச் சக்தி கூடுதல் என்பதால், அதே சத்தத்தில் அலை வெட்டுப்படாது. ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரும் அதில் இருக்கிறது. அளவு குறித்துப் பூட்டியுள்ளோம், சாவி செயலாளரிடம். 8 ஓம் ட்வீட்டர் ஒவ்வொன்றுக்கும் 4.7 மைக்ரோஃபாரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கண்டன்சர் மாற்றினோம். சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி அதில் படிப்படியாகக் குறைந்துவிடும்.

கூடவே, ட்வீட்டருக்குப் போகும் மின்சாரம் தன் வழியே செல்லும்படி தொடரிணைப்பில் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்று: 12 வோல்ட், 21 வாட். இழை குளிர்ந்திருக்கையில் மின்தடை ஒரு ஓம்கூட இராது. முழுதாக எரிகையில் 7 ஓம் அளவுக்கு ஏறி, கூடுதல் பவரைத் தான் வாங்கிக்கொள்ளும். சோதனையன்று மண்டப விளக்கை அணைத்துப் பார்த்தபோது, ஜால்ரா ஓங்கிய இடங்களில் பெட்டித் துளை வழியே இழை சிவந்தது தெரிந்தது. அந்நேரம் ஜால்ராவின் பளபளப்பு சற்று மங்கும். அது பழுதல்ல, யாரும் திருகவேண்டாம். எல்இடி பல்பு இதற்கு ஆகாது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டி முன்னால் போகவேண்டாம். ஊளையிட்டால் ட்வீட்டருக்குத்தான் முதல் அடி. போடும்போது மிக்சர் முதலில், ஆம்பிளிஃபையர் கடைசியில். அணைக்கும்போது ஆம்பிளிஃபையர் முதலில். சட்டப்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

மீதித் தொகையில் உதிரி பல்புகளும் கண்டன்சர்களும் வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துள்ளோம். எடுப்பவர்கள் பதிவேட்டில் எழுதவும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்