ஈரல் ஸ்கேனும் உன் மறதியும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்பு, கிரேடு 2 என்று வந்திருக்கிறது, கொஞ்ச நாளாகப் பெயர்களும் மறக்கின்றன, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். "ஒரு சொட்டு தொடாதவனுக்கு ஏம்ல ஈரல் கெடணும்" என்ற கோபம் வேறு. இது வருவதற்குக் குடிக்கவே வேண்டியதில்லை, சுகரும் தொப்பையும் போதும்.

சம்பந்தம் உண்டு, ஆனால் நீ பயப்படுகிற மாதிரி இல்லை. சிரோசிஸ் வரைக்கும் போன, அதாவது தழும்பேறி இறுகிப்போன ஈரலால் குடலிலிருந்து வரும் அம்மோனியாவைக் கழிக்க முடியாது, அது மூளைக்கு ஏறினால் பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு, கை உதறல், பேச்சுத் தடுமாற்றம் என்று ஆளே மாறிப்போவார். வெறும் கொழுப்பு படிந்த ஈரல் அப்படிச் செய்யாது. ஆனாலும் அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊர்க்காரர்களை வைத்து நடக்கிற ஆய்வில், ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு மூளையின் அளவு சற்றுக் குறைவாக இருந்ததாக 2018இல் எழுதினார்கள். ஈரல்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சுகர், பிரஷர், ரத்தக்குழாய், உடம்பில் ஓயாத அழற்சி எல்லாம் ஒன்றாகவே சுற்றுகின்றன.

உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வேறு இரண்டின் மேல். வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை போடுகிறாய், அது வைட்டமின் பி12ஐக் குறைக்கும், பி12 குறைந்தால் மறதி வரும். அப்புறம் உன் குறட்டை! பாளையங்கோட்டை ஹாஸ்டலில் பக்கத்து ரூம்காரனும் தூங்கியதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும் பகலில் புத்தி மந்தமாகும், ஃபேட்டி லிவர்காரர்களிடம் இது சகஜம். இரண்டையும் பார்க்கச் சொல்.

கிரேடைப் பிடித்துக்கொண்டு கவலைப்படாதே, அது கொழுப்பின் அளவுதான். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம், அதற்கு ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது, வயசு, ரத்தத்தில் பார்க்கிற ஈரல் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அப்புறம் பிளேட்லெட், இந்த நான்கையும் வைத்து ஒரு கணக்கும் போடுவார்கள். எடையில் நூற்றுக்கு 5 குறைந்தாலே கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 வரை குறைந்தால் ஈரலின் வீக்கமும் தணியும். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் போகட்டும்; அல்வா, நீ ஆனித் தேருக்கு வரும்போது மட்டும், அதுவும் ஒரு துண்டு. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தால் சரியாகும் என்று உன் மச்சான் சொன்னதை நம்பாதே. கருப்பட்டி போட்டால் தப்பில்லை என்கிறதும் அதே கணக்குதான், சுகருக்கு எல்லாம் இனிப்புதான்.

ரத்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு, பிளேட்லெட் எவ்வளவு என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்