அராந்தாஸிலிருந்து அப்பாவுக்கு

அராந்தாஸ், ஹாலிஸ்கோ,
மெக்சிகோ.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். தங்கச்சி கையெழுத்தில் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. "சாராயக் கம்பெனியிலயா பிள்ள வேல பாக்கான்?" என்று அம்மா கேட்டதாகக் கடைசியில் எழுதியிருந்தாள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

குவாதலஹாரா நகரத்து வேலை முடிந்து இந்த மேட்டுப்பக்கம், நீலக் கற்றாழையிலிருந்து டெகிலா என்னும் மது வடிக்கும் ஆலைக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். மார்கழியில் விடியற்காலை குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா அந்தக் குளிரிலும் வாசலில் உட்கார்ந்து கோவா தீட்டுவார். நீளக் கம்பின் முனையில் வட்டத் தகடு, அதால்தான் நீலக் கற்றாழையின் மடல் சீவுவார்கள். அவர் வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது, தீட்டுவதை விடவில்லை. என்னைக் கண்டதும் சோள ரொட்டியும் அவித்த பயறும் நீட்டுவார். சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கற்றாழை விளைய ஆறேழு வருஷம் ஆகும். மடலெல்லாம் சீவிய பிறகு மிஞ்சும் குண்டைப் பிளந்து, செங்கல் அடுப்பில் இரண்டு நாள் ஆவியில் வேகவைக்கிறோம். அடுப்பைத் திறந்தால், நம்ம விடிலிக் குடிசையில் பதநீர் காய்ந்து கூப்பனிப் பாகாகிற நேரத்து மணம் அப்படியே வருகிறது. பெரிய ஆலைகள் இரும்புக் கலனில் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். எங்கள் முதலாளி அதற்குச் சம்மதிக்க மாட்டார். கல் உருளையில் நசுக்கி, சாறைப் புளிக்கவிட்டு, செம்புப் பானையில் இரண்டு தரம் வடிக்கிறோம். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஆகாது. நடுவில் வருவதை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று பார்ப்பதுதான் என் வேலை. நீங்கள் படிக்கவைத்த வேதியியல் இதற்குத்தான் உதவுகிறது அப்பா.

அப்புறம் ஓக் மரப் பீப்பாய். இரண்டு மாதம் கிடந்தால் ரெபொசாதோ என்ற வகை. 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் ஒரு வருஷமாவது கிடந்தால்தான் அன்யேஹோ என்று பெயர் போடலாம். மூன்று வருஷம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ, அந்த வகையை 2006-ல் சேர்த்தார்கள். கிடக்கக் கிடக்க மரத்தின் வழியே கொஞ்சம் ஆவியாகிப் போகும், நிறம் தேனாகும். உப்பும் எலுமிச்சையும் வைத்து மடக்கென்று குடிப்பதை இங்கே யாரும் மதிப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, முதலில் முகர்ந்து, பேசிக்கொண்டே ஒவ்வொரு சொட்டாக அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். வேலைக்காக நானும் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சில வருஷத்துக்கு முன் கிலோ 30 பேசோ வரை போன கற்றாழை இப்போது அடிமாட்டு விலை. அதனால் ஊரில் எல்லார் கையும் இறுக்கம். எனக்கு ஒன்றும் குறையில்லை, இந்த மாதப் பணம் மட்டும் சற்றுத் தாமதமாக வரும்.

சந்தையில் கொடுக்காப்புளி பார்த்தேன் அப்பா. குவாமூச்சில் என்கிறார்கள், அது இந்த நாட்டு மரமாம். ஒரு பொட்டலம் வாங்கி நடந்துகொண்டே தின்றேன். பாதி வழியில் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா உரித்துப் போட, நானும் தங்கச்சியும் சண்டை போட்டுத் தின்ற நினைப்பு. மீதியை அறையில் வைத்திருக்கிறேன், தின்ன மனசு வரவில்லை.

மேற்கு விளைப் பனைகளைச் சூளைக்காரர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். இங்கே ஏழு வருஷம் காத்திருந்து ஒரே வெட்டில் செடி போய்விடுகிறது. தாத்தா ஏறின பனை இன்னும் உங்களுக்குப் பதநீர் தருகிறது. கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அவர் பங்கைப் பேச நான் வரும்வரை பொறுக்கட்டும். தங்கச்சி கல்லூரிக் கட்டணம் என் பொறுப்பு. பாதி தைக்குள், மீதி பங்குனியில். அம்மாவின் முட்டுவலிக்குத் திருச்செந்தூர் டாக்டரிடம் கூட்டிப் போனீர்களா? அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அன்பு மகன்