செடியை வரையட்டும், அப்புறம் பேசட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று பெற்றோரும் சொல்கிறார்கள், சக ஆசிரியர்களும் சொல்கிறார்கள். நாம் கேட்கிற கேள்வி அப்படி இருக்கிறது. ஒரு செடியைக் காட்டி "இது என்ன?" என்றால் "செடி டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தும், அதோடு பேச்சு முடிந்தது.

அதே பிள்ளைகளை ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் போட்டுத் தட்டைப்பயறு ஊன்றச் சொல்லி, தினமும் அதைப் பார்த்து வரைய வைத்துப் பாருங்கள். முளை நேராக வராது. கழுத்தை வளைத்துக்கொண்டு மண்ணை முட்டி வெளியே வந்து, அப்புறம்தான் நிமிரும், பருப்பு இரண்டாகப் பிரிந்து நடுவில் இலை எட்டிப் பார்க்கும். வரைய வேண்டுமென்றால் இதையெல்லாம் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும், உற்றுப் பார்த்த பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும். "நேத்து குனிஞ்சிருந்துச்சு டீச்சர், இன்னைக்கு நிமிந்துருச்சு, தோலு மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று வகுப்பில் வாயே திறக்காத குழந்தை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நீளமான வாக்கியத்தை எந்தப் பயிற்சித் தாளும் அதன் வாயிலிருந்து வரவழைத்ததில்லை.

வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். பாதியில் மறித்துத் திருத்தினால் மறுநாள் பேசாது. படத்தையும் குறை சொல்ல வேண்டாம். செடியைவிட வேரைப் பெரிதாக வரைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள், "உள்ள போய் தண்ணி தேடுது" என்று ஒரு கதையே வரும்.

எனக்கு வருத்தமெல்லாம், அச்சடித்த படத்துக்கு வண்ணம் அடிப்பதைத்தான் பல இடங்களில் ஓவியம் என்கிறார்கள். யாரோ வரைந்த பூவைப் பற்றிப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்?

எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத்தரும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அந்த வகுப்புகளிலும், அங்கன்வாடிகளிலும் வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையையும் சமூக நலத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டம் போட இடமில்லை என்பார்கள். தோட்டமே வேண்டாம், வேலியில் ஒரு பாகற்கொடி இருந்தால் போதும், அது கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் சுருளை வரையவே ஒரு வகுப்பு போய்விடும். அரளி, ஊமத்தை பக்கம் மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது, இரண்டும் நஞ்சு.

பெற்றோரும் சாயங்காலம் நோட்டைத் திறந்ததும் மதிப்பெண்ணைத் தேடாமல், "இது என்னன்னு சொல்லேன்" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும் வரை போனைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை