மே 31 உறுதிமொழியும் ஜூன் 1 தடைக்காலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுதோறும் மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளில் உறுதிமொழி எடுக்கிறோம். மறுநாள், ஜூன் 1 முதல் குமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. பொயிலையை விட நினைக்கும் மீனவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. (சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே தடை ஏப்ரல் 15 முதல்.)

பொயிலையை நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சலும் படபடப்பும் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பெரும்பாலானோருக்கு 2 முதல் 4 வாரத்தில் தணிந்துவிடும். இரவெல்லாம் விழித்து வலை இழுக்கையில், பக்கத்தில் இருப்பவர் பொட்டலத்தைப் பிரித்தால் அந்த மூன்று நாளைத் தாண்டுவது மிகக் கடினம். கரையில் இருந்தால் தூங்கவாவது முடியும். வேலையில்லாமல் இருந்தால் கூடுதலாகத்தான் போடுவார்கள் என்று சிலர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆகவே முதல் வாரம் சீட்டாடும் கூட்டத்தை விட்டு விலகியே இருக்க வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்கள் இதேபோல் உதவும்.

பொயிலையில் நம்மை அடிமையாக்கும் பொருள் நிகோட்டின்; அதைச் சிறிதளவு தந்து ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும், அது நல்ல துணை. ஆனால் "வாங்கினேன், பலன் இல்லை" என்பவர்களில் பலர் அதைத் தவறாக மெல்லுகிறார்கள். சாதாரண மிட்டாய் போல மென்று எச்சிலை விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். இன்னொரு தவறு சாயா. சாயா, காப்பி, எலுமிச்சைச் சாறு எல்லாம் வாயில் அமிலத்தைக் கூட்டி நிகோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். கட்டஞ்சாயா குடித்த கையோடு மென்றால் காசுதான் நட்டம்; 15 நிமிடமாவது இடைவெளி வேண்டும். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் பொயிலை தேடுபவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம், மற்றவருக்கு 2 மில்லிகிராம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பின்னர் படிப்படியாகக் குறைத்து மூன்று மாதத்தில் நிறுத்தலாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

"பொயிலையை விட்டாச்சு, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. பொயிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். வாயின் உள்தோலை நார்நாராக இறுக்கி, திறக்க முடியாமல் செய்வதும் அதுதான். இறுகிய பின் பாக்கை விட்டாலும் பழைய நிலை முழுதாகத் திரும்பாது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் சும்மா இருக்க மறுத்தால் பெருஞ்சீரகமோ உலர்ந்த நெல்லிக்காயோ போதும்.

கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டில் ஒருநாள் கை போய்விட்டால், எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்துப் பொட்டலம் வாங்கப் போகாதீர்கள். அடுத்த வேளையிலிருந்தே மறுபடி நிறுத்துங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு முகாமை மே 31 ஒருநாளோடு முடிக்காமல், ஜூன் முதல் வாரம் முழுவதும் மீன்பிடித் துறைமுகங்களில் வலை பின்னும் இடத்திலேயே நடத்துங்கள். சூயிங்கம் மெல்லும் முறையை நேரில் செய்து காட்டுங்கள். நான்காம் வாரம் அதே ஆட்களை மறுபடி வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வாய்நலப் பணியாளர்கள், தக்கலை