காட்மாண்டுவிலிருந்து ஷெங்கன் விசா: தாளுக்குத் தாள் ஒத்துப்போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியச் சுற்றுலா விசா பற்றித் தங்கள் பயணப் பகுதியில் வந்த கட்டுரை, நேபாளிகளுக்கும் இதே நடைமுறைதான் என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டது. சட்டம் என்னவோ ஒன்றுதான். ஆனால் நேபாளத்து ஆவணங்களை வைத்து அந்த மனுவைத் தயாரிப்பது தனி வேலை. அங்கே நிராகரிக்கப்படும் மனுக்களில் பல, பணம் போதாமல் விழுபவை அல்ல. ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுப்பதால் விழுபவை.

பொதுவான விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இப்போது 29 நாடுகள். எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, கடைசியாக 15 நாள் முன்புவரை மனு கொடுக்கலாம். முடிவுக்கு 15 நாள்; கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை இழுக்கும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் மனு கொடுப்பது என்பதில்தான் முதல் சறுக்கல். அதிக நாள் தங்கும் நாட்டிடம் கொடுக்க வேண்டும்; நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று ஜெர்மனியிடம் கொடுத்துவிட்டு, ஹோட்டல் பதிவில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு இரவும் இத்தாலியில் எட்டு இரவும் காட்டினால், இது எங்கள் மனு அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், பின்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளுக்கே காட்மாண்டுவில் தூதரகம் உண்டு. இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகியவற்றின் டெல்லித் தூதரகங்களே நேபாளத்தையும் சேர்த்துக் கவனிக்கின்றன. பாஸ்போர்ட் எல்லை தாண்டிப் போய்வர வேண்டுமா என்பதை முன்பே கேட்டு, அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தேதி. இதை அற்பம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நாகரிகதா எனப்படும் குடியுரிமைச் சான்று, லால்புர்ஜா என்ற நிலப் பட்டா, வார்டு அலுவலகம் தரும் உறவுமுறைச் சான்று எல்லாவற்றிலும் நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத்தின் தேதிதான் இருக்கும். அந்த ஆண்டு, நம் சித்திரை பிறப்பதை ஒட்டி ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. ஆங்கில ஆண்டாக மாற்ற, ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 57 ஆண்டைக் கழிக்க வேண்டும்; ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை 56. மொழிபெயர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு 57-ஐக் கழித்தால், 2050 பால்குன் மாதத்தில் (பிப்ரவரி–மார்ச்) பிறந்தவருக்கு 1994-க்குப் பதில் 1993 என்று விழும். பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த ஆண்டு, நோட்டரி முத்திரை குத்திய மொழிபெயர்ப்பில் வேறொரு ஆண்டு! ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் சம்வத் தேதியையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே எழுதச் சொல்ல வேண்டும். பெயரும் இப்படித்தான். ஒரு தாளில் இருக்கும் 'பகதூர்' அல்லது 'குமாரி' இன்னொன்றில் காணாமல் போகும். எல்லாம் பாஸ்போர்ட்டின் எழுத்துக்கூட்டலோடு ஒத்துவர வேண்டும். மூல ஆவணத்திலேயே வேறுபாடு இருந்தால், இருவரும் ஒருவரே என்று வார்டு அலுவலகத்தில் சான்று வாங்கிச் சேர்க்க வேண்டும்.

வரிச் சான்றிலும் ஒரு சிக்கல் உண்டு. நேபாளத்தின் நிதியாண்டு ஜூலை நடுவில் முடிகிறது; கணக்குத் தாக்கல் செய்ய அதன்பின் மூன்று மாத அவகாசம். ஆகஸ்டில் மனு கொடுப்பவரிடம் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டின் சான்றுதான் இருக்கும். அதிகாரிக்கு அது பழைய தாளாகத் தெரியும். முகப்புக் கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

இனி பணம். பட்டயக் கணக்காளரிடம் சொத்து மதிப்பீடு வாங்கி, நிலம், நகை என்று கோடிக்கணக்கில் காட்டுவது காட்மாண்டு ஏஜென்ட்டுகளின் வழக்கம். என் கணிப்பில் அதற்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. மாதாமாதம் சம்பளம் வந்து, வாடகையும் செலவும் போய், மிச்சம் நிற்கும் கணக்கு ஒன்று அந்தத் தடித்த அறிக்கையைவிட நம்பப்படும். மனுவுக்குப் பத்து நாள் முன்பு மொத்தமாக ஐந்து லட்சம் ரூபாய் வந்து விழுந்தால், கைமாற்று வாங்கி நிரப்பியது என்றுதான் படும். நிலம் விற்றதாலோ முதிர்ந்த வைப்புத்தொகையாலோ வந்தது என்றால், அதற்கான தாளைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் வரும் மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக வரும். அது சட்டப்படியான பண்டிகைப்படி என்று நிறுவனத்தின் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லலாம். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்கள் ஆறு மாதம் முன்பே அதை வங்கி வழிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. விடுப்புக் கடிதத்தில் விடுப்பு நாட்களும் திரும்ப வேலையில் சேரும் தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தேதி விமான முன்பதிவோடு இடிக்கக் கூடாது.

உறவினர் செலவை ஏற்பதானால் வெறும் அழைப்புக் கடிதம் போதாது. ஜெர்மனியில் இருப்பவர் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் கையெழுத்திட்ட பொறுப்பேற்பு உறுதிமொழி தர வேண்டும். பிரான்ஸில் அவர் வீட்டில் தங்குவதற்கு நகராட்சி தரும் சான்று தேவை.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், நுழையும் நாள் முதல் கிளம்பும் நாள்வரை. விமானத்துக்கு முன்பதிவு போதும். விசா வருமுன் பணம் கட்டி டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. நேபாள விமான நிறுவனங்களுக்கு 2013 முதல் ஐரோப்பிய வானில் தடை என்பதால் எப்படியும் தோஹா, துபாய், இஸ்தான்புல் போல ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு நடுவில் லண்டன் போய்த் திரும்ப முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை.

நிராகரித்தால் அச்சிட்ட படிவத்தில் காரணத்துக்கு நேரே குறி போட்டிருப்பார்கள். பயண நோக்கம் தெளிவில்லை என்பதற்கும், திரும்பிப் போவீர்களா என்ற ஐயத்துக்கும் மருந்து வேறுவேறு. முதலாவதற்குப் பயணத் திட்டத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்கு வேலை, குடும்பம், வருமானம் பற்றிய சான்றுகளைப் பலப்படுத்த வேண்டும். ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. நீதிமன்றம் போகலாம் அல்லது புதிதாக மனு போடலாம். அதே தாள்களோடு வேறொரு நாட்டிடம் போவது வீண். நிராகரிப்பு விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் ஐந்து ஆண்டு இருக்கும். அடுத்த அதிகாரியும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மனுவை எடுப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்